இருபது வரும்

கரைசல்காரர் என்று கேட்டால்தான் அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஆளைக் காட்டுவார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடக் கொஞ்சம் முழிப்பார். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து படிக்கும் இடம் அது. அங்கே வேதியியல் ஆய்வகத்தில் பாடம் நடத்துகிறவர் ஒருவர், தேர்வுக்கு மார்க் போட வெளியிலிருந்து வருகிறவர் இன்னொருவர். இவர் இரண்டுமில்லை. உப்பையும் அமிலத்தையும் எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, கோடு வரை நிரப்பி, பாட்டிலில் ஊற்றி மூடி வைப்பவர். தேர்வு மேசையில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் அங்கே சேர்ந்தது சோதனைக்குழாய் கழுவுகிற ஆளாக. கழுவுத்தொட்டியிலிருந்து தராசு அறைக்கு வந்து சேருவதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. தராசு அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு ஸ்டூல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. காற்று பட்டால் முள் ஆடும் என்பதால் மின்விசிறி கிடையாது, சன்னலும் திறக்கக் கூடாது. வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து அவர் எடை போடுவதைப் பார்த்தவர்கள், உள்ளே மூச்சு விடுவதற்கே அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேலி செய்வார்கள். அவருக்கு அந்தக் கேலி பிடிக்கும். தன் கரைசல் தப்பாகாது என்ற தலைக்கனம் அவருக்கு நிறையவே உண்டு. இத்தனை காலத்தில் அதைக் குறை சொன்னவர் யாருமில்லை என்பதால் அது கரையவும் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. செய்முறைத் தேர்வு நாளன்று வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் வெள்ளை மேலங்கியை எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும்போதே, உதடு அசைகிறதா என்று தெரியாதபடி, "இருபது கிட்ட வரும், பதறாதீங்க" என்பார். சோதனையில் வர வேண்டிய அளவு அது; இருபது மில்லியோ, பதினெட்டோ, அந்த ஆண்டுக்கு எதுவோ அது. இதை அவர் திருட்டு என்று நினைக்கவில்லை. பிள்ளை குட்டி உள்ளவர்கள், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்து நிற்பவர்கள், கை நடுங்கி ஒரு சொட்டு கூடுதலாக விட்டதற்காகப் பதவி உயர்வை இழக்க வேண்டுமா என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே நேரத்தில் வசதியாக இருக்கும் வாதம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி.

அவள் குடிநீர் நிலையத்தில் வால்வு திருப்புகிறவள். ஆளுயர இரும்புச் சக்கரங்களைத் திருப்பித் திருப்பி வலது தோள் கெட்டுவிட்டது. இனி அந்த வேலை செய்தால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலையத்திலேயே தண்ணீரைச் சோதிக்கும் அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் அதற்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். போன முறை எழுத்துத் தேர்வில் தேறி, செய்முறையில் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் விட்டால் வெளியாளைப் போட்டுக்கொள்வோம், நீ வீட்டில் ஓய்வெடு என்று மேலதிகாரி அன்பாகவே சொல்லியிருந்தார். அந்த அன்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில், தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படிப்பாள். ஒருநாள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஏங்க, இந்த மோல் மோல்னு சொல்றாங்களே, அது எடையா, எண்ணிக்கையா?" என்று கேட்டாள்.

"எண்ணிக்கை."

"அப்புறம் எதுக்குத் தராசு?"

"மூலக்கூறைக் கண்ணால பாக்கவே முடியாது, இதுல ஒண்ணு ரெண்டுன்னு எங்க எண்ணுறது? அதான் எடை போட்டு எண்ணுறோம்."

அவள் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "எங்க ஸ்டோர்ல போல்ட் குடுக்கிற மாதிரின்னு சொல்லுங்க. நூறு போல்ட் கேட்டா அவன் உக்காந்து எண்ணவா செய்யிறான்? ஒரு போல்ட்டு எவ்வளவு எடைன்னு அவனுக்குத் தெரியும். தட்டுல கொட்டி, முள்ளைப் பாத்து அள்ளிக் குடுத்துடுவான்."

"அதேதான். அந்த ஒரு போல்ட்டோட எடை இருக்கு பாரு, அது மாதிரிதான் மூலக்கூறு எடை."

"அப்போ ஆக்சாலிக் அமிலத்துக்கு ஏன் ரெண்டு எடை போட்டிருக்கு? இங்க தொண்ணூறு, அங்க நூத்தி இருபத்தாறு?"

"தொண்ணூறு அமிலத்தோட எடை மட்டும். படிகமா இருக்கும்போது ஒவ்வொரு மூலக்கூறும் ரெண்டு தண்ணி மூலக்கூறைக் கூடவே பிடிச்சு வெச்சிருக்கும். தண்ணி பதினெட்டு. ரெண்டுக்கு முப்பத்தாறு. கூட்டிப் பாரு."

"ஓ, வாஷர் மாட்டின போல்ட்டு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "சரி, வாஷர் மாட்டாத போல்ட்டு வந்து, நீங்க மாட்டினதுன்னு நெனச்சு எடை போட்டுட்டீங்கன்னா?"

"அதே எடைக்குப் போல்ட்டு அதிகமா வந்துடும்."

"அப்படி வந்துட்டா?"

"எனக்குத் தெரியாம எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

தேர்வு நெருங்கியபோது அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். "வாசல்ல நின்னு எல்லார் காதுலயும் ஓதுவீங்களே, எனக்கு ஓத வேணாம். மீறி ஓதினீங்கன்னா அப்புறம் வீட்டுல சாப்பாட்டுக்கு உப்பு கிடையாது." அவர் தலையாட்டினார். உப்புக்குப் பயந்து இல்லை. அவள் போன முறை தோற்றதே தன்னிடம் கேட்காததால்தான் என்று அவர் உள்ளுக்குள் நம்பினார். அதைச் சொன்னால் உப்போடு நிற்காது என்பதும் தெரியும்.

தேர்வுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் கேட்டிருந்தார்கள். ஒரு லிட்டரில் எத்தனை மோல் அமிலம் இருக்கிறது, எத்தனை கிராம் என்று தேர்வெழுதுகிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பாட்டில் தீர்ந்துபோய், ஸ்டோரிலிருந்து புதிது வந்திருந்தது. அதே உயரம், அதே வெள்ளை மூடி. லிட்டருக்கு ஆறு புள்ளி மூன்று கிராம். இந்தக் கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் வரும். பத்து லிட்டருக்கு அறுபத்து மூன்றை நிறுத்தார். தூள் வழக்கத்தைவிட நைசாக இருந்தது. இந்தத் தடவை நன்றாக அரைத்து அனுப்பியிருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார். முள் நடுக்கோட்டில் அசையாமல் நின்றது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

தேர்வன்று காலை, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "என்ன வரும்?" என்று கேட்டார்.

"இருபது."

தேர்வாளர் தலையாட்டினார். மற்றத் தேர்வாளர்கள் தாங்களே ஒரு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் திருத்துவார்கள். இவர் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்கே வாழ்க்கை வெறுத்துப்போகும் வரை எழுந்திருக்க மாட்டார்.

கரைசல்காரர் வாசலில் நின்று மேலங்கிகளை எடுத்துக் கொடுத்தார். சாயப்பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர் முன்னால் வந்தார். அவருக்கு ரகசியம் பேசுவது என்றால் சத்தமாக மூச்சு விடுவது. "இருபதா? இருபதுதானே?" என்று வாங்கி, அடுத்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் பரப்பிக்கொண்டே உள்ளே போனார். அவருக்குப் பின்னால் நின்ற தன் மனைவிக்குக் கரைசல்காரர் வாயைத் திறக்காமல் மேலங்கியை நீட்டினார். அவள் கெட்ட தோளை மெதுவாக நுழைத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஆய்வகம் முழுக்க அமில வாடையும் சூடும் நிறைந்தது. ஆக்சாலிக் அமிலத்தை இருபது மில்லி அளந்து குடுவையில் விட்டு, கந்தக அமிலம் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்க வேண்டும். பிறகு புரெட் என்கிற, கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஊதா நிறம் விழ விழக் காணாமல் போகும். கடைசியில் ஒரு சொட்டில் வெளிர் ரோஜா நிறம் வந்து போகாமல் நிற்கும். அதுதான் முடிவு. அப்போது புரெட்டில் எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

கரைசல்காரர் காய்ச்சி வடித்த நீரை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். சாயப்பட்டறைக்காரரின் புரெட்டில் ஊதா இருபத்தெட்டுக்கு இறங்கி நின்றது. தாளில் இருபது என்று எழுதியிருந்தது. மனுஷன் அவசரத்தில் அதிகமாக விட்டுவிட்டார் என்று நினைத்து நகர்ந்தார். அடுத்த மேசையிலும் இருபத்தெட்டு. அதற்கடுத்ததிலும். தாளிலெல்லாம் இருபது. எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வருமென்று சிலர் அக்கறையாகப் புள்ளி ஒன்று கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தார்கள். ஒருவர்கூடக் கையைத் தூக்கி, சார், இங்கே வேறு மாதிரி வருகிறதே என்று கேட்கவில்லை.

சன்னலோரத்து மேசையில் அவர் மனைவி மூன்றாவது முறையாகச் செய்துகொண்டிருந்தாள். கண்ணை ஊதாவின் மேல் விளிம்புக்கு நேராக வைப்பதற்காக முழங்காலை மடக்கிக் குனிந்திருந்தாள். தாளில் முதல் வரி இருபத்தெட்டு. இரண்டாவது இருபத்தெட்டு புள்ளி ஒன்று. அவள் முகம் பரீட்சை எழுதுகிறவள் முகமாக இல்லை, சாவு வீட்டுக்கு வந்தவள் முகமாக இருந்தது. அவர் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. மூன்றாவது வரியிலும் இருபத்தெட்டு என்று எழுதினாள்.

அவர் தராசு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாட்டிலை எடுத்துத் திருப்பினார். ஆக்சாலிக் அமிலம் என்று பெரிய எழுத்து. அதன் கீழே, அவர் இதுவரை படித்திராத சின்ன எழுத்தில், நீரற்றது. அதற்கும் கீழே மூலக்கூறு எடை தொண்ணூறு.

வாஷர் இல்லாத போல்ட்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். கணக்குத் தானாகவே ஓடியது. ஆறு புள்ளி மூன்றை நூற்றிருபத்தாறால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து மோல். புரெட்டில் இருபது. அதையே தொண்ணூறால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு. புரெட்டில் இருபத்தெட்டு. எடையில் ஒரு துளி பிசகவில்லை, எண்ணிக்கைதான் தப்பு. இவ்வளவு அழகாக ஒத்துப்போகிற கணக்கைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அழுகை வந்தது.

யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. அவர் பேசாமல் இருந்தால் தேர்வாளர் இருபதை வைத்துத் திருத்துவார். எல்லோரும் தேறுவார்கள், ஒருத்தியைத் தவிர.

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவளால் டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. அவர் திறந்து கொடுத்தார்.

"கைதான் சரியில்ல போல" என்றாள். "மூணு தடவை பண்ணேன். அப்படியே வருது."

"இருபதுன்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழாம? சாயப்பட்டறைக்காரர் பேசினது பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"கண்ணு முன்னாடி இருபத்தெட்டுல நிக்குது. அதைப் பாத்துக்கிட்டே இருபதுன்னு எப்படிங்க எழுதுறது?" டப்பாவைப் பார்த்தபடியே பேசினாள். "நீங்க கரைச்சதுல தப்பு இருக்காது, அது எனக்குத் தெரியும். தப்பு என் கையிலதான். ஆனா என் கை பண்ண தப்பு இருபத்தெட்டு. அதைத்தான எழுத முடியும்?"

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவள் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கை இத்தனை பெரியது என்று அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேறு நல்ல நாளே கிடைக்கவில்லை.

"புது பாட்டில்ல வாஷர் இல்ல" என்றார்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு கையிலிருந்த உருண்டையை டப்பாவிலேயே போட்டாள். "எனக்குத் தெரியாம எப்படி வரும்னு கேட்டீங்களே."

"கேட்டேன்."

"காலையில இருந்து என் கையைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் நான். இந்தக் கையை வெட்டிப் போடலாம்னு இருந்துச்சு." அவள் குரல் உடைந்தது. கோபத்தில்தான். டப்பாவை மூடிக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

இடைவேளை முடிந்து எல்லோரும் மேசைக்குத் திரும்பியபோது அவர் பாட்டிலோடு தேர்வாளர் முன்னால் போய் நின்றார். "ஐயா, இருபதுன்னு நான் சொன்னது தப்பு. நீரற்ற அமிலத்தைப் படிகம்னு நெனச்சு எடை போட்டுட்டேன். இருபத்தெட்டு வரணும்."

தேர்வாளர் பாட்டிலைப் படித்தார். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு, நாற்காலி நம்ப முடியாமல் முனகும்படி எழுந்தார். தானே ஒரு புரெட்டை நிரப்பி, தானே செய்து பார்த்தார். ரோஜா நிறம் வந்து நின்றது. இருபத்தெட்டு.

"சரி" என்று தாள்களைப் புரட்டினார். "அப்போ இவங்க எல்லாருக்கும் இருபது எப்படி வந்துச்சு?"

சாயப்பட்டறைக்காரர் தரையில் எதையோ தேடினார். கரைசல்காரர் அந்தக் கேள்வியை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோதே தனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டார். "நான் சொன்னேங்க. வாசல்ல வெச்சு. இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவும் சொல்றதுதான்."

தேர்வாளர் தாள்களைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் தானும் காலையில் கேட்டு வாங்கிக்கொண்டதை நினைத்தாரோ என்னவோ, திட்டவில்லை. ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்தார். "இந்த ஒருத்தங்க மட்டும் சரியா எழுதியிருக்காங்க. யாரு இவங்க?"

"என் மனைவி."

"ஓ" என்றார் தேர்வாளர்.

அந்த ஒற்றை எழுத்து ஆய்வகம் முழுக்கப் போய்ச் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. ஊருக்கெல்லாம் ஒன்றைச் சொல்லிவிட்டு, மனைவிக்கு மட்டும் இன்னொன்றைச் சொல்லியிருக்கிறான் என்று அங்கிருந்த ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. அவருக்குக் காது சூடாகிவிட்டது. இதை அவர் யோசித்திருக்கவே இல்லை.

சன்னலோரத்திலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தாள். "ஐயா, எல்லாருக்கும் மறுபடி வைப்பீங்கல்ல?"

"வெச்சுத்தானே ஆகணும். ஆனா உங்களுக்கு வேணாம்மா. உங்களது சரியாத்தான் இருக்கு."

"எனக்கும் சேத்து வைங்க. வேற யாராவது கரைக்கட்டும்."

தேர்வாளர் அவளையும், அவள் இடது கையால் தாங்கிப் பிடித்திருந்த வலது தோளையும் பார்த்தார். கையிலிருந்த தாளை மற்றத் தாள்களோடு சேர்த்துக் குறுக்கே கோடு போட்டார். கையில் வந்து விழுந்த வேலையை அவள் அப்படியே திருப்பிக் கொடுத்தாள். கரைசல்காரருக்கு அவளைத் தடுக்க வேண்டும் போலவும், காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வரும்போது சாயப்பட்டறைக்காரர் மறித்தார். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? எல்லாரும் தப்பிச்சிருப்போம்ல?"

"எல்லாரும் இல்ல" என்றார் கரைசல்காரர்.

மறுதேர்வுக்கு வேறோர் இடத்திலிருந்து ஆள் வந்து கரைத்தார். நிர்வாகம் இவரைத் தராசு அறையிலிருந்து எடுத்து, தொடங்கிய இடத்துக்கே, கழுவுத்தொட்டிக்கு அனுப்பியது. மறுதேர்வு முடிந்து, ஊதா மிச்சமிருந்த புரெட்டுகள் மேசை எண்ணோடு வரிசையாக அவரிடம் கழுவ வந்தன. சன்னலோரத்து மேசையின் எண் அவருக்குத் தெரியும். அந்தப் புரெட்டைக் கையில் எடுத்தவர், ஊதாவின் மேல் விளிம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியில் கவிழ்த்தார். தண்ணீர் ஊதாவாகி, வெளுத்து, ஓடிப்போனது. வீட்டுக்குப் போய், எவ்வளவு வந்தது என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. முடிவு வருகிற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தேர்வெழுதுகிறவர்களின் வயிறு எப்படி இருக்கும் என்று இத்தனை காலத்துக்குப் பிறகு இப்போதுதான் தெரிந்தது.

முடிவு வந்தது. பாதிக்கு மேல் தேறியிருந்தார்கள். சாயப்பட்டறைக்காரர் மயிரிழையில் தப்பியிருந்தார், அதனால் மறுபடி பேச ஆரம்பித்தார். கரைசல்காரரின் மனைவியும் தேறியிருந்தாள்.

சோதனை அறைக்கு முதல் நாள் வேலைக்குக் கிளம்புகையில், அவள் கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி, சுலபமாகத் திறக்க வருகிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்து, திரும்ப மூடினார்.

"இப்பவாவது சொல்லேன். அன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?"

அவள் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"இருபது இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.